எரிமலைச் சாம்பலில் பாதரசம் இருக்குமா? சாம்பல் விழுந்த இடத்துத் தண்ணீரையும் காய்கறியையும் நம்பலாமா?

இருக்கும், ஆனால் கொஞ்சம்தான். சாம்பல் விழுந்த முதல் சில வாரங்களில் நீங்கள் பயப்பட வேண்டிய ஆள் வேறு: ஃப்ளோரின், அதாவது தண்ணீரில் கரையும் அதன் உப்பான ஃப்ளோரைடு.

நான் சில வருடம் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். பாதரசத்தின் குணம் எனக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில்தான் புரிந்தது. சேர்ந்த புதிதில், அளவு தெரிந்த பாதரசக் கரைசலை அமிலம் சேர்க்காமல் அதில் ஊற்றி வைத்துவிட்டு விடுமுறைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து அளந்தால் பாதிகூட இல்லை. கருவிதான் பழுது என்று அரை நாள் அதை நோண்டிக்கொண்டிருந்தேன். சீனியர் வந்து பாட்டிலைப் பார்த்துச் சிரித்தார். கொஞ்சம் பாட்டில் சுவரில் ஒட்டியிருக்கிறது, கொஞ்சம் ஆவியாகிக் கிளம்பிவிட்டது. அதற்கப்புறம் கண்ணாடி பாட்டில், அமிலம் இரண்டும் இல்லாமல் நான் பாதரசத்தைத் தொட்டதில்லை.

எரிமலையிலும் இதே கதைதான். பாறைக்குழம்பின் சூட்டில் பாதரசம் கந்தக வாயுக்களோடு ஆவியாகவே வெளியேறுகிறது. சாம்பலில் ஒட்டுவது கொஞ்சம். மீதி காற்றில் மாதக்கணக்கில் மிதந்து, உலகத்தைச் சுற்றிவிட்டு, எங்கோ மழையோடு இறங்கும்.

சாம்பல் என்பது பேருக்குத்தான். அது எரிந்த மிச்சம் இல்லை. 2 மில்லிமீட்டருக்கும் குறைவான பாறைத் தூளும் கண்ணாடித் தூளும். ஈயம், ஆர்செனிக் போன்றவை பெரும்பாலும் அந்தக் கண்ணாடிக்குள் சிறைப்பட்டிருக்கும், சீக்கிரம் கரையாது. தூளின் மேல்பரப்பில் படிந்த அமிலமும் ஃப்ளோரைடு உப்பும் அப்படியில்லை, முதல் மழையிலேயே கரைந்து ஓடும். தூள் எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு அதிகப் பரப்பு, அவ்வளவு அதிக ஃப்ளோரைடு. அதனால்தான் மலையிலிருந்து வெகுதூரம் தள்ளி, புல்லில் மெல்லிசாகப் படிந்த சாம்பலே ஆடுகளைக் கொல்கிறது.

ஐஸ்லாந்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1783 ஜூனில் அங்கே லாக்கி என்ற எரிமலைப் பிளவு வெடித்து, எட்டு மாதம் கக்கியது. மேய்ந்த ஆடுகளின் கடைவாய்ப் பற்களில் முள் முள்ளாகப் புடைப்பு கிளம்பியது, மூட்டுகள் வீங்கின. நாட்டின் ஆடுகளில் பெரும்பகுதி செத்தது. பின்னாலேயே வந்த பஞ்சத்தில் மக்களில் ஐந்தில் ஒரு பங்கு போனார்கள். 1970-இல் ஹெக்லா எரிமலை வெடித்தபோதும் அங்கே ஆடுகள் ஃப்ளோரைடில் செத்தன.

ஆகவே சாம்பல் விழுந்தால் திறந்த தொட்டியை மூடுங்கள். ஏற்கெனவே விழுந்துவிட்டால் அந்தத் தண்ணீரைச் சோதிக்காமல் குடிக்காதீர்கள். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும். காய்கறியை நன்றாகக் கழுவினால் போதும். சாம்பலைப் பெருக்கும்போது முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கால்நடைகளுக்குச் சாம்பல் படாத தீவனமும் தண்ணீரும் கொடுங்கள்.

எரிமலைப் பாதரசம் பெரிய ஆபத்தாவது பிறகு, ஏரிச் சேற்றிலும் கடலிலும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. பாசி, பூச்சி, சின்ன மீன், பெரிய மீன் என்று ஏற ஏறச் செறிவு கூடி, பெரிய மீனின் சதையில் தண்ணீரில் உள்ளதைப் போல பத்து லட்சம் மடங்குகூட ஆகிவிடும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளியே தெரிந்த நோய், மெத்தில் பாதரசம் ஏறிய மீனைத் தின்றதால் வந்ததுதான். அங்கே எரிமலை எதுவும் காரணமில்லை, ஆலைக் கழிவு.

இன்றும் பெரிய பங்கு மனிதனுடையதே. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2015-இல் மனிதர்கள் காற்றில் விட்ட பாதரசம் சுமார் 2,200 டன். எரிமலைகளையும் பாறைகளையும் சேர்த்தாலும் வருடத்துக்குச் சுமார் 500 டன்தான். அந்த 2,200-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சிறு தங்கச் சுரங்கங்களில் தங்கத்தைப் பிரிக்கப் பாதரசத்தைக் கலந்து, பிறகு அடுப்பில் காய்ச்சி விரட்டுவதால் வருகிறது.