கருவிப் பட்டியலை மட்டும் பார்த்து ஆய்வுக்கூடம் தேடாதீர்கள்

வணக்கம் ஐயா.

உங்கள் மகள் பாறையியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர நினைக்கும் இரண்டு ஆய்வுக்கூடங்களின் கருவிப் பட்டியலையும் அனுப்பி, எது நல்லது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றில் பதினாறு கருவிகள், இன்னொன்றில் ஐந்து. எண்ணிக்கையை விட்டுவிடுவோம். அவற்றில் எத்தனை கருவிகளில் மாணவர்களின் கை படுகிறது என்று விசாரியுங்கள்.

பூமிக்குள் பாறை உருகுவதையும் உறைவதையும் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்ப்பதுதான் சோதனைமுறைப் பாறையியல். எந்த ஆழத்தைப் பற்றிய கேள்வியோ, அதற்கேற்ற கருவி. எரிமலை வாயில் வழியும் குழம்புக்கு வாயுக்கலவை ஃபர்னஸ் (உலை) போதும். பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள மேன்டில் அடுக்கின் மேல்பகுதி என்றால், மாதிரியை அழுத்திச் சூடாக்கும் பிஸ்டன்-சிலிண்டர். ஒரு கிகாபாஸ்கல் அழுத்தம் என்பது ஏறக்குறைய 35 கிலோமீட்டர் ஆழம். பிஸ்டன்-சிலிண்டரில் பொதுவாக 4 கிகாபாஸ்கல் வரை போகலாம். இன்னும் கீழே போக, பல பக்கங்களிலிருந்தும் அழுத்தும் மல்டி-ஆன்வில். பூமியின் உட்கருவை எட்ட, இரண்டு வைர முனைகளுக்கு நடுவே அழுத்தும் டயமண்ட் ஆன்வில் செல். உங்கள் மகளுக்கு எரிமலைக் குழம்பில் கரைந்திருக்கும் நீரைப் பற்றித்தான் ஆர்வம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பெரிய பட்டியலில் உள்ள பாதிக் கருவிகள் அவருக்குத் தேவையே படாது.

கேப்ஸ்யூல் என்று ஒன்று உண்டு. பட்டியல்களில் அதன் பெயர் வராது, ஆனால் சோதனையின் உயிர் அதில்தான். சில மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பிளாட்டினக் குழாய். விரல் நுனியில் நிற்கும். அதற்குள் பாறைத்தூளும் துளி நீரும் இட்டு, வாயை வெல்டிங் செய்து மூட வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் நீர் ஆவியாகிவிடும். அதனால் மூடுவதற்கு முன்னும் பின்னும் எடை போடுவார்கள். எடை குறைந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து. பிளாட்டினம் பாறையிலுள்ள இரும்பை உறிஞ்சிக்கொள்ளும். அந்த விஷயத்தில் தங்கம் பரவாயில்லை, ஆனால் சாதாரண அழுத்தத்தில் 1064 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். இந்த நுணுக்கங்களெல்லாம் பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித் தந்தால்தான் கைக்கு வரும். நல்ல டெக்னீஷியன் இருக்கும் கூடத்தை நான் முதலில் வைப்பது இதனால்தான்.

பாறைகளின் வேதியியலை அளக்கும் புவிவேதியியல் பக்கம் வந்தால், அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அளவுக்கே சுத்தமான அறையும் முக்கியம். பூமியின் வயது ஏறக்குறைய 455 கோடி ஆண்டுகள் என்று ஈயத்தை அளந்து 1956-இல் காட்டிய புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன், காற்றிலும் பாத்திரத்திலும் ஒட்டியிருந்த ஈயத்தோடுதான் ஆண்டுக்கணக்கில் போராடினார். ஆகவே 'உங்கள் பிளாங்க் அளவு எவ்வளவு?' என்று மகள் தயங்காமல் கேட்கட்டும். மாதிரி எதுவும் இல்லாமலே, அமிலத்திலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் வந்து சேரும் அழுக்கின் அளவு அது. ஒழுங்காக இயங்கும் கூடத்தில் உடனே எண் சொல்வார்கள்.

தாதுவின் நுண்ணிய புள்ளியில் என்னென்ன தனிமங்கள் என்று அளக்கும் எலெக்ட்ரான் மைக்ரோபுரோப் சொந்தமாக இல்லையே என்று கவலை வேண்டாம். பல குழுக்கள் இன்னொரு நிறுவனத்தில் நேரம் வாங்கித்தான் வேலை செய்கின்றன. கட்டணத்தை யார் தருவார்கள், பழுதானால் எவ்வளவு நாள் கிடக்கும் என்பவைதான் கேள்விகள். நான் வழிகாட்டிய ஒரு மாணவர் விலையுயர்ந்த கருவியை நம்பிச் சேர்ந்தார். இரண்டாம் ஆண்டு முழுக்க அது பழுதாகிக் கிடந்தது. அந்தத் தம்பியின் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

சேரும்வரை மகள் சும்மா இருக்க வேண்டாம். எரிமலைக் குழம்பு குளிரும்போது எந்தத் தாது எப்போது படியும் என்று கணக்கிடும் மெல்ட்ஸ் மென்பொருள் இலவசம். ஜியோராக், எர்த்கெம் தரவுத்தளங்களில் உலகப் பாறைகளின் வேதிப் பகுப்பாய்வுகள் கொட்டிக்கிடக்கின்றன. ஒரு பசால்ட்டை (கருநிற எரிமலைப் பாறை) எடுத்து, நீரின் அளவை மாற்றி மாற்றி மெல்ட்ஸில் ஓட்டிப் பார்க்கட்டும்.

வேலை கிடைக்குமா என்ற உங்கள் பயம் நியாயமானது. பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் மைக்ரோபுரோப்பையும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரையும் தானே இயக்கத் தெரிந்தவர்களுக்குக் கனிம ஆய்வு, செராமிக், சுற்றுச்சூழல் பரிசோதனை என்று வேறு கதவுகளும் உண்டு. இயக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு கூடங்களிலும் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவர் ஒருவருக்கு மகளையே எழுதச் சொல்லுங்கள்: 'போன மாதம் எத்தனை சோதனைகளை நீங்களே ஓட்டினீர்கள்?' பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்த்து முடிவெடுப்போம்.