மேற்கோள் இருக்கிறது, நூல் எங்கே?

கேள்வி: எங்கள் ஊர்ச் சிவன் கோயிலைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் இருந்த சிறு கட்டுரையில் யாரோ ஒருவர் பல பத்திகளைச் சேர்த்திருக்கிறார். செயற்கை நுண்ணறிவு எழுதியது போல் தெரிகிறது. நீக்கிவிடலாமா?

பதில்: நடையை மட்டும் பார்த்து நீக்காதீர்கள். பாடநூல் எழுதிப் பழகியவர்களின் உரைநடையும் அப்படி வழவழப்பாகத்தான் இருக்கும். செயற்கை எழுத்தைக் கண்டறிவதாகச் சொல்லும் கருவிகளைத் தமிழுக்கு நான் நம்புவதில்லை. சோதிக்க வேண்டியவை மேற்கோள்கள், அதாவது ஆதாரமாகக் காட்டப்படும் நூல்களும் கல்வெட்டுகளும்.

கோயில் கட்டுரை என்பதால் கல்வெட்டுச் சான்று காட்டப்பட்டிருக்கும். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' என்று தொகுதியும் எண்ணும் கொடுத்திருந்தால், அத்தொகுதியைத் திறந்து அந்த எண்ணுக்கே செல்லுங்கள். 1890 முதல் வெளிவரும் இவ்வரிசையின் பல தொகுதிகள் இணையத்தில் கிடைக்கின்றன; கல்வெட்டு எந்த ஊரில், எந்தக் கோயிலின் எந்தச் சுவரில் உள்ளது என்பது பெரும்பாலும் தலைப்பிலேயே இருக்கும். மொழி மாதிரி (எழுத்தை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு) இட்டுக்கட்டிய மேற்கோளில் தொகுதி உண்மையாக இருந்தாலும், அந்த எண்ணில் வேறு மாவட்டத்துக் கல்வெட்டு இருக்கக்கூடும். நூல் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். 1958ஆம் ஆண்டுப் பதிப்பு என்று சொல்லி 13 இலக்க ஐஎஸ்பிஎன் (நூல்களுக்கான பன்னாட்டு அடையாள எண்) தந்திருந்தால் ஐயப்படுங்கள், ஏனெனில் 13 இலக்க முறை 2007இல்தான் நடைமுறைக்கு வந்தது.

மேற்கோள் பொய் என்று உறுதியானால், அதைச் சார்ந்த பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பில்) நீங்கள் பார்த்த தொகுதியையும் எண்ணையும் குறிப்பிடுங்கள். 'ஏஐ எழுத்து' என்று மட்டும் எழுதினால் வீண் சண்டைதான் மிஞ்சும். மேற்கோளே இல்லாத, ஆனால் உண்மையாக இருக்கக்கூடிய வரிகளுக்குச் 'சான்று தேவை' வார்ப்புரு (வரியருகே இடும் ஆயத்தக் குறிப்பு) போதும். முழுக் கட்டுரையும் இட்டுக்கட்டியது என்றால் நிர்வாகிகளிடம் முறையிடுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில், மனிதர் சரிபார்க்காத இத்தகைய பக்கங்களை விரைந்து நீக்க 2025இல் தனி விதியே வகுத்துவிட்டார்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். மொழி மாதிரிகள் விக்கிப்பீடியாவைப் படித்தே பயில்கின்றன. இணையத்தில் எழுத்து குறைவாக உள்ள மொழியில் இன்று நுழையும் பொய், நாளை அவற்றின் விடையாகத் திரும்பி வரும். இயந்திர மொழிபெயர்ப்புப் பிழைகள் மலிந்துபோனதால், கிரீன்லாந்து மொழி விக்கிப்பீடியாவை மூடிவிடும்படி அதன் நிர்வாகியே 2025இல் கேட்டுக்கொண்டார்.

எதையும் நீக்குமுன், சேர்த்தவரின் பயனர் பேச்சுப் பக்கத்தில் ஆதாரத்தைக் கேளுங்கள். உங்கள் ஊர்க்காரராக இருந்தால், தலபுராணமோ பழைய குடமுழுக்கு மலரோ அவர் வீட்டில் இருக்கக்கூடும். அதன் பதிப்பாண்டையும் பக்க எண்ணையும் தரச் சொல்லுங்கள்.