வாசகர் கேள்வி – பதில்: கடலடியில் ஒரு மேய்ச்சல் நிலம்

கேள்வி: மல்லிப்பட்டினம் பக்கம் கரையில் பழுப்பு நிற இலைகள் குவிந்து கிடப்பதைப் பார்த்தேன். சிலர் கடற்பாசி என்கிறார்கள், சிலர் கடற்புல் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: ஒன்றல்ல. பாசிக்கு உண்மையான வேரும் பூவும் இல்லை. கடற்புல்லோ வேர், தண்டு, இலை, பூ, விதை யாவும் உள்ள தாவரம்; நிலத்துத் தாவரங்களின் வழியில் தோன்றி, மீண்டும் கடலுக்குள் சென்று குடியேறியது. நீங்கள் பார்த்தவை நாடா போல நீண்டு, நரம்புகள் நெடுகிலும் இணையாக ஓடும் இலைகள் என்றால் அவை புல்தான்.

கேள்வி: கடலுக்குள் புல் நட்டு வளர்க்கிறார்கள் என்று படித்தேன். மரம் நடுவதைப் போல இதையும் பெருமளவில் செய்தால் அழிந்த புல்வெளிகளை மீட்டுவிடலாமே?
– வாசகர், இராமநாதபுரம்

பதில்: ஓரளவு மீட்கலாம், ஆனால் இது மரக்கன்று நடுவதை விடப் பன்மடங்கு கடினமான வேலை. நலமாக இருக்கும் புல்வெளியிலிருந்து வேர்த்தண்டோடு சிறு துண்டுகளைக் கையால் எடுத்து, சட்டங்களில் கயிற்றால் கட்டி, முக்குளிப்பவர்கள் கடலடியில் கொண்டுபோய்ப் பதிக்க வேண்டும். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் மன்னார் வளைகுடாவில் பிளாஸ்டிக் குழாய்ச் சட்டங்களையும் சணல் கயிற்றையும் கொண்டு இதைச் செய்தது. பாக் விரிகுடாவில் ஓம்கார் தொண்டு நிறுவனம் மூங்கில் சட்டமும் தென்னைநார்க் கயிறும் பயன்படுத்துகிறது. புல் வேர்பிடித்த பின் மூங்கிலும் கயிறும் தாமே மட்கிவிடும் என்பதால் இரண்டாவது முறையே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

எங்கே நடுவது என்பதுதான் ஆய்வாளரும் மீனவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய கேள்வி. வெளிச்சமும் நீரோட்டமும் அடிமண்ணும் ஒத்துவராத இடத்தில் நட்டது நிற்காது. ஓரா மீன் எங்கே மேய்கிறது, முன்பு எங்கே புல் இருந்தது, வாடையில் கலங்கிய நீர் எப்போது தெளிகிறது என்பன, கருவிகளோடு சில நாள் வந்து போகிறவரை விட நாள்தோறும் நண்டு வலை விடுகிறவருக்கு நன்றாகத் தெரியும்.

அதைவிட முக்கியம், புல்லை அழித்த காரணம் அங்கேயே நீடிக்கிறதா என்பது. இழுவைமடி வலை கடலடியை வாரிச் செல்லும்போது வேர்த்தண்டு பிய்ந்துவிடுகிறது; கிளம்பும் சேறு ஒளியை மறைப்பதால் பிழைத்த புல்லும் நலிகிறது. கரையிலிருந்து சில கடல் மைல்களுக்குள் இழுவைப் படகுகள் தொழில் செய்யக் கூடாது என்பது தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி 1983 முதல் உள்ள விதி. அது ஏட்டில் இருக்கும் அளவுக்குக் கடலில் இல்லை என்பது நாட்டுப்படகு மீனவர்களின் நெடுநாள் குறை. அந்த விதியை நடைமுறைக்குக் கொண்டுவராமல் நூறு மூங்கில் சட்டங்களில் புல் நடுவது, வேலி இல்லாத தோட்டத்தில் நாற்று விடுவதற்கு ஒப்பானது.

கேள்வி: பாக் விரிகுடாவில் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவித்தார்களே, அதில் மீனவர்களுக்கு என்ன இடம்?
– வாசகர், சேதுபாவாசத்திரம்

பதில்: தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பகுதியைப் பாதுகாப்பகமாக அறிவித்தது, இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் இதுவே. உங்கள் பக்கத்தில் ஆவுளியா என்று அழைக்கப்படும் இந்த விலங்கு கடற்புல்லையே நம்பி வாழ்வதால், விலங்கைக் காப்பதும் புல்வெளியைக் காப்பதும் ஒரே வேலை.

தேசியப் பூங்காவைப் போல ஆட்களை வெளியேற்றும் ஏற்பாடு அல்ல இது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஏ பிரிவு, உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்த பிறகே இத்தகைய பகுதியை அறிவிக்க வேண்டும் என்கிறது. நிர்வாகக் குழுவில் ஊராட்சிகளின் பிரதிநிதிகளுக்கு இடம் தருகிறது 36பி. ஆனால் 2002இல் இப்பிரிவு சேர்க்கப்பட்டபோது வேளாண் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் இருக்கை ஒதுக்கியவர்களுக்கு மீன்வளத் துறை நினைவுக்கு வரவில்லை; நிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஊராட்சி வழியாகச் செல்லும் பிரதிநிதி கடலில் தொழில் செய்கிறவராக இருக்க வேண்டும் என்று உங்கள் ஊர்க் கூட்டத்திலேயே வலியுறுத்துங்கள்.

வலையில் ஆவுளியா சிக்கினால் அது மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும் என்பதை நினைவில் வைத்து, வலையை உடனே அறுத்து விடுவித்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவ்வாறு உயிரோடு விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை வழங்கி வந்திருக்கிறது.