வாசகர் கேள்வி–பதில்: கட்டற்ற இயங்குதளங்களின் முகவரித் தொகுப்பு

கேள்வி: சேலம் ஐந்து ரோடு அருகே கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பழைய கணினிகளுக்கு லினக்ஸ் நிறுவிக் கொடுப்பதால், அதைப் போல எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ள கட்டற்ற இயங்குதளத் திட்டங்களின் முகவரிகளைத் திரட்டித் தரும் ஒரு தளத்தை நெடுநாளாக நம்பி வந்தேன். சென்ற மாதம் வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதிலிருந்த ஒரு சுட்டியை (லிங்க்) அழுத்தினேன். சூதாட்ட விளம்பரம் திறந்தது. கூசிப் போனேன். இப்படியொரு தொகுப்பை நண்பர்கள் சிலர் சேர்ந்து நாங்களே தொடங்க எண்ணுகிறோம். அதை எப்படிப் பராமரிப்பது?
— கடைக்காரர், சேலம்

பதில்: உங்களுக்கு நேர்ந்தது, இத்தகைய தொகுப்பொன்றைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கும் நேர்ந்திருக்கிறது. தளப்பெயருக்கு ஆண்டுதோறும் தன் கைக்காசைக் கட்டி வந்த தன்னார்வலர் ஒருமுறை கட்டத் தவறினால், கெடு முடிந்தபின் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நல்ல தளங்கள் பலவும் ஆண்டுக்கணக்கில் சுட்டி வந்த பெயர் என்பதாலேயே விளம்பரக்காரர்கள் அதற்குக் காத்திருப்பார்கள்.

சுட்டிகளைத் தானாகச் சோதிக்கும் நிரல் இதைப் பிடிக்காது. பக்கம் இல்லையென்றால் சேவையகம் 404 என்று பதில் அனுப்பும். நிரந்தரமாக இடம் மாறியிருந்தால் 301 என்று அனுப்பும். விளம்பரப் பக்கமோ 200, அதாவது எல்லாம் சரியாக இருக்கிறது என்றே பதில் அனுப்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிரல் பச்சை நிறத்தில் காட்டிய பதிவுகளை வரிசையாகக் கையால் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது பதிவில், உலாவியின் மேல்விளிம்பில் பழைய திட்டத்தின் பெயர் அப்படியே இருந்தது. கீழே முழுக்க ரம்மி விளம்பரம். எத்தனை நாள் அப்படி இருந்ததோ, எத்தனை பேர் என்னை நம்பி அங்கே போனார்களோ என்று எண்ணி அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆகவே வாரத்துக்கு ஒருமுறை நிரலை ஓட்டுங்கள். ஆனால் ஆண்டுக்கு இருமுறையாவது ஒவ்வொரு பதிவையும் ஒரு மனிதர் திறந்து படித்து, தாம் பார்த்த நாளைப் பதிவின் அருகிலேயே எழுதிவைக்க வேண்டும். அந்த நாள் குறிப்பிடப்படாத பதிவை நான் நம்புவதில்லை.

முகப்புப் பக்கத்தைப் பார்த்ததோடு நின்றுவிடவும் கூடாது. 2021 மே மாதத்தில் ப்ரீநோட் என்னும் அரட்டைப் பிணையத்தின் நிர்வாகத்தில் பிளவு ஏற்பட்டு, கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பல லிபெரா சாட் என்னும் புதிய இடத்துக்குக் குடிபெயர்ந்தன. அப்போது திருத்தப்படாத தொகுப்புகளில் திட்டத்தின் முகவரி சரியாக இருந்தது, அதன் மக்கள் கூடும் இடம் மட்டும் தவறாக இருந்தது. புதிதாக வருபவர் ஆளில்லாத அறையில் கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார், இவர்கள் உதவ மாட்டார்கள் என்று முடிவுகட்டிப் போய்விடுவார்.

உங்கள் தொழிலுக்கு மிகவும் பயன்படக்கூடியது, எந்தச் செயலியில் ஓடும் என்ற குறிப்பு. உபுண்டு என்னும் லினக்ஸ் வகை, 17.10 பதிப்பு முதல், பழைய செயலிகளுக்குத் தேவையான 32 பிட் மேசைக்கணினி நிறுவுகோப்பை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. டெபியன் என்னும் மற்றொரு லினக்ஸ் வகையில், 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பிலும் 32 பிட் பிசிக்கான நிறுவி இல்லை. அதற்கு முந்தைய 12ஆம் பதிப்பில் இருந்தது. 'பழைய கணினிக்கு ஏற்றது' என்று பொதுவாக எழுதிவிட்டால், எழுதியபோது மெய்யாக இருந்தது இரண்டே ஆண்டில் பொய்யாகிவிடும். பதிப்பு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியில் பாஸ் லினக்ஸைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆர்வம் வந்தது. பல ஆண்டுகளாகப் புதிய பதிப்பு வராத திட்டங்களைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிடலாமா?
— கல்லூரி மாணவி, ஓமலூர்

பதில்: நீக்க வேண்டாம், தங்கையே. பதிப்பு வரவில்லை என்பதாலேயே திட்டம் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1993 முதல் இயங்கிவரும் ஸ்லாக்வேர் என்னும் லினக்ஸ் வகையின் 14.2 பதிப்பு 2016இல் வந்தது, அடுத்த 15.0 பதிப்பு 2022 பிப்ரவரியில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் மேம்பாட்டுக் கிளையில் மாற்றங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. 2001இல் தொடங்கிய ஹைக்கு என்னும் இயங்குதளமும் 2012இல் நான்காம் ஆல்ஃபாவையும் (தொடக்கநிலைச் சோதனைப் பதிப்பு), 2018இல்தான் முதல் பீட்டாவையும் (அடுத்தநிலைச் சோதனைப் பதிப்பு) வெளியிட்டது. வெளியீட்டுத் தேதியை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் நீக்கியிருந்தால், உயிரோடு இருப்பவருக்கு இறப்புச் சான்றிதழ் எழுதியதாகியிருக்கும். மூலநிரலில் கடைசி மாற்றம் எப்போது நடந்தது, பயனர் கேட்ட கேள்விக்கு யாரேனும் பதில் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

உண்மையாகவே முடிந்துபோன திட்டங்களையும் அழிக்காமல், முடிந்தது என்று குறித்து, அதன் வழியில் வந்தது எது என்பதை அருகில் எழுத வேண்டும். சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8 பதிப்புக்கு ஆதரவு 2021ஆம் ஆண்டு இறுதியோடு நின்றுவிடும் என்று 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பின் விளைவாகவே ராக்கி லினக்ஸும் அல்மாலினக்ஸும் பிறந்தன. மாண்ட்ரேக் என்னும் லினக்ஸ் வகை மாண்ட்ரிவா ஆயிற்று. மாண்ட்ரிவாவிலிருந்து 2010இல் மஜேயா பிரிந்தது. ஆய்வகத்தின் மூலையில் மாண்ட்ரிவா நிறுவப்பட்ட கணினி ஒன்றைக் கண்டெடுத்த ஆசிரியர் அந்தப் பழைய பெயரைத்தானே தேடுவார்? அவருக்கு மஜேயாவின் முகவரியைக் காட்டத் தொகுப்பைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? நீங்கள் பயன்படுத்திய பாஸுக்கும், அதை உருவாக்கியது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் என்பதோடு, அதன் அடித்தளம் டெபியன் என்பதைச் சேர்த்து எழுதினால், டெபியனுக்கான உதவிக் குறிப்புகளில் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும் என்பது படிப்பவருக்குப் புரியும்.

கேள்வி: பதிவிறக்கக் கோப்புக்கே நேரடியாகச் சுட்டி கொடுத்தால் வாசகருக்கு எளிதல்லவா?
— வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: எளிதுதான், ஆனால் கூடாது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் ஊடுருவியவர்கள், பதிவிறக்கச் சுட்டியைத் தாங்கள் கெடுத்துவைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அத்தகைய வேளையில் திட்டத்தினர் தங்கள் பக்கத்தைத் திருத்திவிடுவார்கள். நாம் நகலெடுத்துவைத்த சுட்டியோ நாம் கவனிக்கும்வரை அப்படியே கிடக்கும். திட்டத்தின் பதிவிறக்கப் பக்கத்துக்கு மட்டும் வழிகாட்டுங்கள்; கோப்பைச் சரிபார்க்கும் முறை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் கூடவே குறியுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன். மழை பிடித்தால் எங்கள் பக்கம் இணையம் நின்றுவிடும். இந்தப் பணியில் நான் சேர முடியுமா?
— இல்லத்தரசி, ஏற்காடு

பதில்: தாராளமாகச் சேரலாம், அம்மா. எங்கள் பதிவுகள் அனைத்தும் எளிய உரைக்கோப்புகளாக, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்னும் கருவியில் இருக்கின்றன. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் மூலநிரலைப் பராமரிப்பதற்காகவே, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கருவி அது. தொகுப்பு முழுவதும் உங்கள் கணினியிலேயே இருக்கும். இணையம் இருக்கும்போது பக்கங்களைத் திறந்து சேமித்துக்கொண்டு, இல்லாதபோது படித்துத் திருத்தி, சிக்னல் வந்ததும், அல்லது சேலத்துக்கு இறங்கி வரும் நாளில், மொத்தமாக அனுப்பலாம்.

இப்படி வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிமாஸ் என்று அழைக்கப்பட்ட, இணையத்தளங்களின் மாபெரும் திறந்த அடைவு, 1998 முதல் தன்னார்வத் தொகுப்பாளர்களின் உழைப்பால் வளர்ந்து, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதன் தரவை எவரும் எடுத்துப் பயன்படுத்த உரிமம் இருந்தது. முன்னாள் தொகுப்பாளர்கள் கர்லி என்ற பெயரில் பணியைத் தொடர்ந்தார்கள். எங்கள் தொகுப்புக்கும் அத்தகைய உரிமத்தையே கொடுத்திருக்கிறோம். நாளை என்னால் முடியாமல் போனாலும், உங்கள் கணினியில் இருக்கும் நகலே போதும். ஓராண்டாக யாரும் திறந்து பாராத பத்துப் பதிவுகளின் பெயர்களை இந்த வாரமே உங்களுக்குத் தனியே அனுப்புகிறேன்.