நீலக் குதிரைக்கு ஏன் இவ்வளவு விலை?

மாதிரிக் குதிரை, அதாவது குதிரையின் சிறிய பிளாஸ்டிக் உருவம், சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் உயிருள்ள குதிரையின் நிறத்தைத்தான் தேடுவார்கள். நான் நேர்மாறு. நீலமும் பொன்னுமாக, எந்த லாயத்திலும் பிறக்காத குதிரைகளை மட்டுமே இருபது ஆண்டுகளாகச் சேர்க்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள்.

கே: இந்த நிறங்களை முதலில் யார் கொண்டுவந்தார்கள்?

ப: பரவலாக விற்றவர்கள் அமெரிக்காவின் ப்ரையர் நிறுவனத்தார். சிகாகோவில் பிளாஸ்டிக் அச்சு வார்த்துக்கொண்டிருந்தவர்கள். 1950இல் ஒரு மேசைக் கடிகாரத்தின் அலங்காரத்துக்காக வார்த்த குதிரை தனியாகவே விலைபோக, குதிரையே தொழிலாகிவிட்டது. 1960களில் அதே அச்சுகளுக்கு நான்கு விசித்திர நிறங்களைப் பூசிப் பார்த்தார்கள். முழு நீலம் ‘வெட்ஜ்வுட் ப்ளூ’, நீலத்தில் வெண்புள்ளி ‘கோபன்ஹேகன்’, முழுப் பொன் ‘கோல்டன் சார்ம்’, பொன்னில் வெண்புள்ளி ‘ஃப்ளோரன்டைன்’. பெயர்களைக் கவனியுங்கள், வெட்ஜ்வுட்டும் கோபன்ஹேகனும் பீங்கானுக்குப் பேர்போனவை; பீங்கான் கடையின் வாசம் அடிக்கிறது. குழந்தைகளை அல்ல, வரவேற்பறை அலமாரிக்குப் பொருள் தேடும் பெரியவர்களை நினைத்துச் செய்தவை இவை. அதனால்தான் இவற்றை நாங்கள் இன்றும் ‘டெக்கரேட்டர்’, அதாவது அலங்காரக் குதிரை, என்கிறோம்.

கே: அப்படியென்றால் நன்றாக விற்றிருக்குமே?

ப: விற்கவில்லை. குதிரைப் பித்துப் பிடித்த பிள்ளைக்குச் செம்பழுப்புக் குதிரை வேண்டும். வீட்டுக்காரருக்கோ நீலக் குதிரையை எங்கே வைப்பது என்று புரியவில்லை. மரத்தின் வரியைப் பூசிய ‘வுட்கிரெயின்’ குதிரைகள் ஓரளவு ஓடின. நீலமும் பொன்னுமோ சில ஆண்டுகளிலேயே நின்றுபோயின. அன்று யாரும் சீண்டாததால்தான் இன்று கிடைப்பதில்லை. பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் ‘ஃபைட்டிங் ஸ்டாலியன்’ என்ற வடிவம் இந்த நிறங்களில், நல்ல நிலையில் வந்தால் நூற்றுக்கணக்கான டாலர் போகும். அழகுக்கான விலை என்று எண்ணாதீர்கள். அன்றைய தோல்விக்கான விலை அது.

கே: இணையத்தில் ஒரு கோபன்ஹேகன் பார்த்தேன். அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: இதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், நான் ஏமாந்த இடம் என்பதால். விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள். முதலாவது, பின்னங்காலின் உட்புறம். அங்கே வட்டமான நிறுவன முத்திரை இருக்கும். அதோடு ‘யு.எஸ்.ஏ.’ எழுத்தும் இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். அந்த எழுத்து 1970 வாக்கில்தான் அச்சுகளில் ஏறியது. இரண்டாவது, காலின் வெள்ளை தொடங்கும் இடம். தொழிற்சாலையில் வண்ணத்தைத் தெளித்தார்கள், ஆகவே நீலம் மெல்லிய தூசிபோலக் கரைந்து வெள்ளையில் இறங்கும். தூரிகைக் கோடு தெரிந்தால் பிறகு யாரோ பூசியது. மூன்றாவது, முத்திரையின் பள்ளம். நான் ஆசைப்பட்டு வாங்கிய குதிரையில் எழுத்துகளின் இடுக்கெல்லாம் நீலம் கட்டியாக அடைத்திருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்த அன்றே தெரிந்துவிட்டது. பணம்தான் திரும்பி வரவில்லை.

புதிய வெளியீடுகளிலும் இதே நிறங்கள் வருகின்றன. கென்டக்கியின் லெக்சிங்டனில் 1990 முதல் நடக்கும் ப்ரையர்ஃபெஸ்ட் விழாவுக்கென்று விசேஷக் குதிரைகள் செய்கிறார்கள். அவை போலி அல்ல. பழையவை என்று சொல்லி விற்றால்தான் மோசடி.

கே: என் குதிரையின் வெள்ளைப் பிடரி மஞ்சளாகிவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெயிலில் வைக்கலாமா?

ப: முழு வெள்ளைக் குதிரைக்குச் சிலர் செய்கிறார்கள். டெக்கரேட்டருக்கு வேண்டாம். பிடரி வெளுக்குமுன் உடலின் நீலம் வெளிறிவிட்டால் யாரிடம் போய் அழுவீர்கள்? ஈரத் துணியால் துடைத்து, நேர்வெயில் படாத அலமாரியில் வையுங்கள். அறுபது வயதுப் பொருளில் சற்று மஞ்சள் இருப்பது குற்றமல்ல.

கே: சென்னையில் இருக்கிறேன். புழுக்கம் கெடுக்குமா?

ப: கெடுக்கும். இவை செல்லுலோஸ் அசிடேட், பழைய சினிமாச் சுருளின் அதே பிளாஸ்டிக். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சிதையத் தொடங்கி, காடி வாடை அடிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் பூட்டினால் அந்த வாடையே உள்ளே தங்கி இன்னும் கெடுக்கும். காற்றோட்டமுள்ள, வெயில் படாத அறை போதும். வாடை வரும் குதிரையை மற்றவற்றிலிருந்து தனியே வையுங்கள். நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், கால் வளைந்துவிடும்.

கே: பொன்னிறக் குதிரை நிஜத்திலேயே உண்டே. அகால் டெகே?

ப: உண்டு. துர்க்மெனிஸ்தானின் அந்த இனத்துக்கு மயிரிலேயே உலோகப் பளபளப்பு இருக்கிறது. ஆனாலும் கோல்டன் சார்ம் அதைப் பார்த்துச் செய்ததாகத் தோன்றவில்லை. கோப்பைக்குப் பூசும் பொன் அது.

கே: சாதாரணக் குதிரை ஒன்றை வாங்கி நானே ஊதா நிறம் பூசினால்?

ப: தாராளமாக. ஆனால் கீறல் விழுந்த, மலிவான, அண்மையில் வந்த குதிரையை எடுங்கள். கழுவி, ப்ரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்து, அக்ரிலிக்கை மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். அடிவயிற்றில் உங்கள் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். இதை எழுதாமல் விட்டவர்தான் எனக்கு அந்தக் கோபன்ஹேகனைத் தந்தவர்.

கே: ஐந்து வயது மகளிடம் கொடுக்கலாமா?

ப: பழையது வேண்டாம்; காது நுனியில்தான் முதலில் வண்ணம் தேயும். ப்ரையரே 1:32 அளவில் செய்யும் ‘ஸ்டேபிள்மேட்ஸ்’ குட்டிக் குதிரை ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அதில் ஒற்றைக்கொம்புக் குதிரைகளே வானவில் நிறங்களில் வருகின்றன. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.