வாசகர் கேள்வி – பதில்: தட்டைத் தட்டிப் பார்த்தால் போதுமா?

மார்ச் 3 உலக செவித்திறன் தினம். அதனால் இந்த முறை குழந்தைகளின் காது பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் பேரனுக்கு ஒன்றே முக்கால் வயது. இன்னும் அம்மா, அப்பா என்றுகூடச் சொல்லவில்லை. காது கேட்கவில்லையோ என்று மருமகள் அழுகிறாள். பின்னால் நின்று தட்டைத் தட்டினால் திரும்பத்தான் செய்கிறான். அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான். தினமும் நாக்கில் வசம்பு தடவுகிறேன், சரியாகிவிடும்தானே?
– ஒரு பாட்டி, விருத்தாசலம்

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, நான் உங்கள் மருமகள் பக்கம். தட்டுச் சத்தத்துக்குத் திரும்புகிற குழந்தைக்குப் பேச்சும் முழுசாகக் கேட்கிறது என்று சொல்ல முடியாது. கதவு சாத்துவது, நாய் குரைப்பது, பஸ் ஹாரன் எல்லாம் காதில் விழும், ஆனால் பேச்சில் வரும் 'ச', 'ஸ்' மாதிரி மெல்லிய ஒலிகள் விழாமல் போகலாம். பாதிப் பேச்சைக் கேட்டுக் குழந்தை எதைத் திருப்பிச் சொல்லும்? போதாக்குறைக்கு, காது கேட்காத குழந்தைகள் கண்ணில் படுகெட்டி. நீங்கள் கையை ஓங்கும்போது சுவரில் அசையும் நிழல், தரையில் வரும் அதிர்வு, எதிரில் உட்கார்ந்திருப்பவர் பார்வை போகிற திசை, இதை வைத்தே சட்டென்று திரும்பிவிடும். உடனே வீட்டில் எல்லோரும் 'நல்லாத்தான் கேக்குது' என்று கலைந்துவிடுவோம்.

ஒரு வயதையொட்டி ஒன்றிரண்டு சொல்லாவது வர வேண்டும், இரண்டு வயதில் 'அம்மா வா' என்று இரண்டைச் சேர்க்க வேண்டும். உங்கள் பேரன் விஷயத்தில் முதலில் காதைப் பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். வசம்பை நிறுத்திவிடுங்கள், அதற்கும் காதுக்கும் சம்பந்தமே இல்லை. அவன் அப்பா தாமதமாகப் பேசினார் என்பதும் இதற்குப் பதில் ஆகாது.

பெரா என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. குழந்தை தூங்கும்போது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டி, காதில் டிக் டிக் என்று ஒலி கொடுத்து, கேட்கும் நரம்பு அதற்கு அசைகிறதா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். ஊசி குத்துவதில்லை, வலி இல்லை. அங்கே போகும்வரை குழந்தையைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள், டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்துக் கவனிக்கும் மாவட்ட மையம்) எங்கே என்று கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

குறை இருக்கிறது என்று தெரிந்தால் முதலில் காது மிஷின் மாட்டுவார்கள். அது போதாத குழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது உள்காதில் கருவி பொருத்தும் ஆபரேஷன். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்ளலாம். ஆறு வரை நேரம் இருக்கிறதே என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். மூளை பேச்சைப் பிடித்துக்கொள்வது முதல் மூன்று வயதுக்குள்தான் மும்முரமாக நடக்கும். ஆபரேஷன் ஒரு நாளில் முடிந்துவிடும், அதற்கப்புறம் பேச்சுப் பயிற்சிக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும், வீட்டிலும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?

கேள்வி: மகன் மூன்றாம் வகுப்பு. சளி பிடித்தால் காதில் சீழ் வடிகிறது. மாமியார் பூண்டு தட்டிப் போட்ட எண்ணெயைக் காய்ச்சி விடுகிறார். டீச்சரோ, 'கவனிக்கவே மாட்டேங்கிறான்' என்கிறார்.
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: கவனிக்காமல் இல்லை, அவனுக்குக் கேட்கவில்லையோ என்னவோ. முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், இன்றைக்கே. மூக்குக்குப் பின்னாலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது, சளி அந்த வழியாகத்தான் ஏறி, செவிப்பறையை ஓட்டை போட்டுச் சீழாக வடிகிறது. ஓட்டை உள்ள காதில் எண்ணெய் விட்டால் நேரே உள்ளே இறங்கும். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் ஆபத்து, சிலவற்றில் உள்காதைக் கெடுக்கும் ஆன்டிபயாட்டிக் இருக்கும். டாக்டரிடம் காட்டும்வரை காதில் எதுவும் விடாதீர்கள், குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வையுங்கள், குளத்துப் பக்கம் போகக் கூடாது.

கேள்வி: குழந்தைக்கு பட்ஸ் போடலாமா?
– திண்டுக்கல் வாசகி

பதில்: வேண்டாம். குறும்பி தானாக வெளியே வரும், பட்ஸ் அதை உள்ளே தள்ளும். ஹேர்பின், சாவி, கோழி இறகு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு சார்பில் ஊரில் காது பற்றி விழிப்புணர்வு செய்ய ஆசை. மேளத்தோடு பேரணி போகலாமா?
– குழுத் தலைவி, அரியலூர்

பதில்: காதுக்காகப் போகிற பேரணியில் மேளமா? அதை விடுங்கள். ஒரு நோட்டு வாங்கி, ஊரில் இந்த வருடம் பிறந்த குழந்தைகளை எழுதுங்கள். எடை குறைவாகப் பிறந்தது, கண்ணாடிப் பெட்டியில் இருந்தது, மஞ்சள் காமாலை கடுமையாக வந்தது, குடும்பத்தில் ஏற்கெனவே காது கேட்காதவர் இருப்பது, இந்தக் குழந்தைகள் மேலே வரட்டும். ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் முதல் டெஸ்ட், மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் மிஷினோ பயிற்சியோ தொடங்குவது. நர்சம்மாவிடம் பேசும்போது இந்த 1, 3, 6 கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆர்.பி.எஸ்.கே. குழு, அதாவது குழந்தைகளைப் பரிசோதிக்க வரும் அரசு மருத்துவக் குழு, அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். தேதியை முன்கூட்டியே கேட்டு, அன்று எல்லாக் குழந்தையும் அங்கே இருக்கும்படி பாருங்கள். 'அவன் ஊமை, அவனை எதுக்கு' என்று வீட்டில் நிறுத்திவைக்கப்படும் குழந்தைதான் முதலில் போக வேண்டியது. ரூபெல்லா தடுப்பூசி விட்டுப்போன குழந்தைகளையும் அப்போதே பிடித்துவிடலாம். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தையின் காது போகக்கூடும்.

குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டிகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், காதில் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதுவதும் அவர்கள் விட்டால்தான் ஊர் விடும். அக்கா மகளையும் அத்தை மகனையும் கட்டுவதால் பிறவிச் செவிட்டுத்தன்மை வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை மைக்கில் சொன்னால் சண்டைதான் வரும், கல்யாணப் பேச்சு எடுக்கிற வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லுங்கள். அப்படியே கோயில் கமிட்டியிடம் பேசி, திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் பிள்ளைகள் ஆட முடியாதபடி ஒரு கயிறாவது கட்டச் சொல்லுங்கள்.