இரண்டு காலும் ஒரே மாதிரி நடக்குமா? வாசகர் கேள்விகள்

கே: வலி எதுவும் இல்லை. ஆனால் நடக்கும்போது வலது கால் எடுத்துவைக்கும் அடி 62 செ.மீ., இடது கால் அடி 60 செ.மீ. வருகிறது. கோளாறா?

இல்லை. வித்தியாசம் 2, சராசரி 61; வகுத்தால் சுமார் 3 சதவீதம். வலியில்லாத ஆளுக்குப் பத்து சதவீதம் வரை கண்டுகொள்ள வேண்டாம். ஒரே தடவை அளந்ததை நம்பவும் வேண்டாம்.

கே: ஐபோனில் நடைச் சமச்சீரின்மை 8% என்று காட்டுகிறது. பயமாக இருக்கிறது.

போன் எங்கே இருந்தது, தோளில் பை தொங்கியதா, எவ்வளவு நேரம் நடந்தீர்கள்? எதையுமே எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? அந்த எண் அடி நீளத்தைக் குறிப்பதல்ல. ஒரு கால் மற்றதைவிட வேகமாகவோ மெதுவாகவோ அடி வைத்த நேரத்தின் பங்கு. ஒரு மாதப் போக்கைப் பாருங்கள்.

கே: இரட்டையடி நீளம் (ஒரு குதிகால் சுவட்டிலிருந்து அதே காலின் அடுத்த சுவடு வரை) இரு காலுக்கும் சமம். நடையும் சமச்சீர்தானே?

நேராக நடந்தால் அது சமமாகத்தான் வரும். ஒற்றையடியை அளங்கள். பாதத்தை நனைத்துக்கொண்டு சிமென்ட் தரையில் ஏழெட்டு மீட்டர் நடந்து, முதல் இரண்டு, கடைசி இரண்டு சுவடுகளை விட்டுவிடுங்கள். இடது குதிகால் சுவட்டிலிருந்து அடுத்த வலது குதிகால் சுவடு வரை, நடந்த திசையிலேயே அளந்தால் அது வலது அடி. மூன்று தடவை செய்யுங்கள்.

கே: படுக்கவைத்துக் கணுக்கால்களைச் சேர்த்துப் பார்த்து, இடது கால் 1 செ.மீ. குட்டை என்று செருப்புக்குள் வைக்கக் குதிகால் மெத்தை கொடுத்தார்கள். இப்போது முழங்கால் வலிக்கிறது.

முதலில் மெத்தையை எடுத்துவிடுங்கள். படுக்கவைத்துப் பார்த்தே மெத்தை கொடுக்கும் இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும். படுக்கையில் இடுப்பு லேசாகச் சாய்ந்தாலே ஒரு கணுக்கால் மேலேறிவிடும். டேப்பால் இடுப்பெலும்பு முனையிலிருந்து கணுக்காலின் உள்பக்க எலும்புப் புடைப்பு வரை அளந்தாலும் ஒரு சென்டிமீட்டர் வரை பிசகும். உங்களிடம் கண்டுபிடித்த குறையும் அவ்வளவுதானே! நிற்கவைத்துப் பார்க்க வேண்டும்: வெறுங்கால், நீட்டிய முழங்கால், இரு காலிலும் சம எடை. பின்னால் ஒருவர் இடுப்பெலும்பின் இரு மேல்விளிம்பிலும் கை வைத்துப் பார்க்க, குட்டைக் காலடியில் 3 மி.மீ. அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகி, மட்டம் வந்ததும் எண்ணுங்கள். ஒரு பாதம் மட்டும் உள்பக்கம் சரிந்தாலும் அந்தப் பக்க இடுப்பு இறங்கும். அங்கே எலும்பு குட்டையில்லை. 1 செ.மீ.க்குள் வித்தியாசம் பலருக்கும் உண்டு, உடம்பு அதற்குப் பழகியிருக்கும். 2 செ.மீ. தாண்டினால்தான் பேச்சு. அப்போதும் முழு உயரத்தை ஒரே நாளில் வைக்காமல் 3 மி.மீ. 3 மி.மீ.ஆக ஏற்ற வேண்டும். மறுபடி சொல்கிறேன், ஒரே தடவை அளந்ததை நம்பாதீர்கள்.

கே: கண்ணைக் கட்டி நடந்தால் ஒரு பக்கமாக விலகுகிறேன். கால் நீளம்தான் காரணமா?

இல்லை. 2009-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஒரே ஆளே ஒரு சமயம் இடமும் ஒரு சமயம் வலமும் திரும்பினார்.

கே: இடக்கை அதிகமாக வீசுகிறது.

சகஜம். ஆனால் இதுவரை வீசிய கை கொஞ்சம் கொஞ்சமாக வீசாமல் நின்றாலோ, ஒரு பாதம் உரசத் தொடங்கினாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று அப்படி ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டேப்பைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.